பூஞ்சை இழை நுனியில் மட்டும்தான் நீளுமா? மகள் எடுத்த அளவு பற்றி ஒரு சந்தேகம்

மாடிக்காளான் | பானஸ்வாடி, பெங்களூரு | சனி, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மூன்று வருடமாக மொட்டைமாடி அறையில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வித்து, அதாவது காளான் இழை படர்ந்த சோளம், ஹெசரகட்டாவில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வாங்கி வருவேன். வைக்கோலை வேகவைத்து, பையில் அடுக்கடுக்காக வித்து தூவி, கட்டித் தொங்கவிட்டால் பதினைந்து இருபது நாளில் பை முழுக்க வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை எப்படிப் பரவுகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகள்தான் யோசித்தாள்.

உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும் கடற்பாசியும் போட்டோம். நோன்புக் காலத்தில் இனிப்பு செய்வார்களே, அதே கடற்பாசிதான். குக்கரில் இருபது நிமிடம் வைத்து எடுத்து, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய சில்லாக உறையவிட்டோம். ஓரத்தில் வித்துப் பாட்டிலில் இருந்து ஒரே ஒரு சோளமணி. இரண்டாம் நாளே இழைகள் சில்லின் மேல் ஓடத் தொடங்கிவிட்டன. நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த மைக்ரோஸ்கோப்பில் மொபைலைக் கட்டிவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தாள். நாலு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் செய்தது இதுதான். ஒரு இழையைத் தேர்ந்தெடுத்து, அதில் பக்கக்கிளை பிரியும் இடங்களை மைல்கல்லாக வைத்துக்கொண்டாள். படங்களை வரிசையாக அளந்தால், முதல் கிளைக்கும் இரண்டாம் கிளைக்கும் நடுவில் உள்ள தூரம் நாலு மணி நேரமும் அப்படியே இருக்கிறது. இரண்டாம் கிளைக்கும் நுனிக்கும் உள்ள தூரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது, மணிக்குக் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். "இழை நுனியில் மட்டும் நீள்கிறது, பின்பகுதி நீள்வதில்லை" என்று அட்டையில் எழுதிக் கண்காட்சியில் வைத்தாள்.

பார்க்க வந்த ஆசிரியர், உயிருள்ள எதுவும் செல் பிரிந்துதான் வளரும், செல் எல்லா இடத்திலும் பிரியும், அதனால் இழை முழுக்கவும்தான் நீளும், அளந்ததில் தப்பு என்று சொல்லி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அதே படங்களைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தாள். ராத்திரி பதினொரு மணிக்கும் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் எழுதியது சரியா? சரி என்றால், நுனி வளரப் பொருள் எங்கிருந்து வருகிறது?

---

ஜெயநகர்வாசி | சனி, இரவு 10:05

எனக்கு இந்தத் துறை தெரியாது. ஆனால் நகமும் முடியும் அடியில் இருந்துதான் வளர்கின்றன, நுனியில் இல்லை. செடியின் வேர் நுனிப்பக்கம் வளர்கிறது. ஆக எல்லாம் எல்லா இடத்திலும் வளரும் என்பது பொதுவாகவே சரியில்லை. அளவெடுத்த பிள்ளையை அடித்துத் திருத்துவதற்கு முன் அவரும் ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருக்கலாம்.

---

பழைய லேப் ஆள் | மல்லேஸ்வரம் | ஞாயிறு, காலை 6:20

தம்பி, முதலில் பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் எழுதிய வரி சரி. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

முப்பது வருடம் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்த்துக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். அவள் செய்த சோதனை, அதாவது கிளைகளை அடையாளமாக வைத்துக்கொண்டு தூரம் அளப்பது, இந்தத் துறையின் அடிப்படைச் சோதனைகளில் ஒன்று. இழை நுனியில்தான் நீள்கிறது என்பதை மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1892-லேயே எழுதிவிட்டார். அப்போது அவர் கையில் இருந்த கருவி உங்கள் வீட்டில் இப்போது இருப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

இழையின் உடம்பு எப்படி என்று முதலில் பார்ப்போம். அது ஒரு மெல்லிய குழாய். உங்கள் காளானில் மூன்று மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடி ஒன்றின் அகலத்தில் இருபது இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்கலாம். அந்தக் குழாய்க்குக் கெட்டியான சுவர் உண்டு. சுவரில் முக்கியமாக இரண்டு பொருள்: கைட்டின், குளுக்கான். கைட்டின் என்பது இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருக்கும் அதே பொருள். அவ்வளவு கெட்டியான சுவர் நடுவில் இழுபட்டு நீள முடியாது. அதனால் பழைய சுவர் பழையபடியே நிற்கிறது. புதுச் சுவர் நுனியில், அந்தக் குவிந்த முனையில் மட்டும், சேர்ந்துகொண்டே போகிறது.

பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். பின்னால் இருந்து வருகிறது. இழையின் பின்பகுதி வைக்கோலைக் கரைத்துச் சாப்பிடுகிறது, சுவருக்கு வேண்டியதைத் தயார் செய்கிறது, சின்னச் சின்ன நுண்பைகளில் அடைத்து முன்னால் அனுப்புகிறது. அந்த நுண்பைகள் உள்ளே இருக்கும் நுண்குழாய்த் தடங்களைப் பிடித்துக்கொண்டு நுனிவரை வந்து, மேல்சவ்வோடு ஒட்டி, கொண்டுவந்ததை வெளியே கொட்டுகின்றன. பையின் தோல் சவ்வாகிவிடுகிறது, உள்ளே இருந்த சரக்கு சுவராகிவிடுகிறது. வேகமாக ஓடும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில், ஒரே ஒரு நுனிக்கு நிமிடத்துக்கு 38,000 நுண்பைகள் வந்து சேர வேண்டியிருக்கும் என்று 1974-ல் கணக்குப் போட்டார்கள். ஒரு நிமிடத்துக்கு, ஒரு நுனிக்கு.

அந்த நியூரோஸ்போரா மணிக்கு நாலு மில்லிமீட்டர் ஓடும். நீளக் கண்ணாடிக் குழாயில் ஒரு முனையில் வைத்துவிட்டால், மறுமுனைக்கு எப்போது வருகிறது என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகலாம். 1943-ல் இருந்தே இப்படி அளக்கிறார்கள், அந்தக் குழாய்க்கு ஓட்டப்பந்தயக் குழாய் என்று பெயர். நானும் எத்தனையோ குழாயில் கோடு போட்டிருக்கிறேன். நம்ம ஊரில் பழைய ஆட்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் ரமேஷ் மகேஷ்வரி இதே பூஞ்சையைக் கரும்பு வயலில் தேடிப்போய் ஆராய்ந்தார். தீ வைத்த கரும்புக் கட்டையில் சில நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூக்கும், அதுதான். அதன் உறங்கும் நுண்வித்து சூடு பட்டால்தான் விழிக்கும்.

ஜெயநகர் நண்பருக்கு ஒன்று. வேரை உதாரணம் சொன்னீர்கள், முழுக்கப் பொருந்தாது. வேர் நீள்வது நுனிக்குக் கொஞ்சம் பின்னால், பல செல்கள் சேர்ந்து நீள்வதால். பூஞ்சை இழைக்குச் சரியான உறவு வேண்டுமென்றால் மகரந்தக் குழாயையும் வேர்த்தூவியையும் சொல்லலாம். அவை இரண்டும் ஒற்றைச் செல், முனையில் மட்டும் நீள்பவை.

கடைசியாக ஒரு கேள்வி. 40எக்ஸ் லென்ஸ் போட்டுப் பார்த்தீர்களா? இழையில் அங்கங்கே சின்னக் கொக்கி மாதிரி ஒன்று தெரிகிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

---

சுரங்கப்பாதை | வைட்ஃபீல்டு | ஞாயிறு, காலை 11:15

சிவில் ஆள் நான். இதைப் படித்ததும் நம்ம மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரம்தான் ஞாபகம் வந்தது. கண்டோன்மென்ட்டில் இருந்து சிவாஜிநகர் வரை ஊர்ஜா என்ற இயந்திரம் 2021-ல் தோண்டி முடித்ததே, அதேதான். முன்னால் தோண்டத் தோண்ட, கான்கிரீட் வளையத் துண்டுகள் ஏற்கெனவே கட்டி முடித்த சுரங்கத்துக்குள்ளேயே வண்டியில் முன்னால் வரும். முனையில் பொருத்துவார்கள். பின்னால் உள்ள வளையம் அசையாது. பூஞ்சை செய்வதும் இதுதானே?

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. இயந்திரம் கடைசியாக மாட்டிய வளையத்தை உதைத்துக்கொண்டுதான் முன்னால் நகரும். இழையில் முன்னால் தள்ளும் விசை எது? உள்ளே அழுத்தம் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு?

---

கிருஷ்ணகிரிக்காரி | எலக்ட்ரானிக் சிட்டி | ஞாயிறு, மதியம் 2:30

அண்ணா, மெட்ரோ வரைக்கும் போக வேண்டாம். கறையான் சுவரில் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மண்ணால் மூடிய ஒரு வழி கட்டிக்கொண்டே மேலே போகும். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் சின்ன வயதில் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மண் எல்லாம் அந்த மூடிய வழிக்கு உள்ளேயே வரும். வாயில் ஈரமண்ணோடு வந்து, முனையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகும். வைக்கும்போது ஈரமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் காய்ந்து கெட்டியாகிவிடும். முனை மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். விரலால் தொட்டால் முனைதான் உடையும்.

அழுத்தம் பற்றிக் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்களுடையது நெல் விவசாயக் குடும்பம். குலைநோய் வந்தால் இலையில் கண் கண்ணாகப் புள்ளி விழும், கழுத்தில் தாக்கினால் கதிர் பதராகித் தொங்கிவிடும். வேளாண்மை படிக்கும்போதுதான் அந்தப் பூஞ்சை இலைக்குள் எப்படி நுழைகிறது என்று தெரிந்தது. பூஞ்சையின் நுண்வித்து இலையில் விழுந்து முளைக்கிறது, முளையின் நுனி ஒரு குமிழாக வீங்குகிறது. குமிழின் சுவரில் மெலனின் பூசிக்கொள்கிறது, நம் தலைமுடிக் கருப்பு இருக்கிறதே, அந்த வகை நிறமி. உள்ளே கிளிசரால் சேர்த்துத் தண்ணீரை இழுத்து, 80 வளிமண்டலம் வரை அழுத்தம் ஏற்றுகிறது. அந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய ஊசி மாதிரி இழை இலைத்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அப்பா அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து பூஞ்சையை நேராகக் கொல்வதில்லை. மெலனின் செய்வதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது, ஊசியால் குத்த முடியாது. அதனால்தான் நோய் நுழைவதற்கு முன்னால் அடித்தால் பலன். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வரப்பில் நின்று ரொம்ப நேரம் இலையையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

பழைய லேப் ஆள் | ஞாயிறு, இரவு 8:10

கிருஷ்ணகிரி அம்மா சொன்ன கறையான் வழிதான் இரண்டில் சரியான உதாரணம். காரணம் அந்த ஈரமண். மெட்ரோ வளையம் தொழிற்சாலையிலேயே கெட்டியாகி வருகிறது. பூஞ்சைச் சுவர் அப்படி இல்லை. நுனியில் படியும்போது மென்மையாக, இழுத்தால் நீளும்படி இருக்கும். கொஞ்சம் பின்னால் போகப்போக, கைட்டின் சரங்களும் குளுக்கான் சரங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிப்போட்டுக்கொண்டு இறுகிவிடும். வெசல்ஸ் என்ற நெதர்லாந்துக்காரர் எழுதிய விளக்கம் இது. நுனி ஓடிக்கொண்டே இருப்பதால், நுனியில் எப்போதும் புதுச்சுவர், எப்போதும் இளசு. நின்றுவிட்டால் அந்த முனையும் இறுகிவிடும். அப்புறம் அதே இடத்தில் திரும்பத் தொடங்குவது லேசில்லை.

அழுத்தம் உண்டு. நியூரோஸ்போரா இழைக்குள் நாலைந்து வளிமண்டலம் அளவுக்கு இருக்கும். உங்கள் கார் டயரில் இருப்பது இரண்டுக்குக் கொஞ்சம் மேலே. அதைப்போல இரண்டு மடங்கு, தலைமுடியைவிட மெல்லிய ஒரு குழாய்க்குள். இறுகிய பக்கச்சுவர் அதைத் தாங்குகிறது. இளசான நுனி மட்டும் விட்டுக்கொடுத்து முன்னால் நீள்கிறது.

அழுத்தம்தான் எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. அழுத்தம் சுவரை இழுத்துப் பிடிக்கிறது, நுண்பைகள் சுவரை நிரப்புகின்றன. நிரப்பாமல் அழுத்தம் மட்டும் இருந்தால் நுனி வெடித்துவிடும். நானே பார்த்திருக்கிறேன். சவ்வு கிழிந்து உள்ளே இருப்பது பால் மாதிரி வெளியே பீச்சிக்கொண்டு வரும், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

சரி, அவ்வளவு பைகளும் நுனியில் எங்கே போய் நிற்கின்றன? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. 1924-ல் புருன்ஸ்விக் என்பவர் காளான் இழைகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, நுனிக்கு உள்ளே கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்பிட்சென்கோர்ப்பர் என்று பெயர் வைத்தார், ஜெர்மன் மொழியில் நுனி உடல் என்று பொருள். செத்த இழையில் சாயம் பிடித்த ஒரு புள்ளி என்று அதை விட்டுவிட்டிருப்பார்கள். 1957-ல் கிழக்கு ஜெர்மனியில் கிர்பார்ட் உயிரோடு வளரும் இழையில் அதைப் பார்த்தார். இழை வளர்ந்தால் அது இருக்கிறது. தொந்தரவு செய்தால் மறைகிறது, வளர்ச்சி நிற்கிறது. அது ஒரு பக்கம் நகர்ந்தால், கொஞ்ச நேரத்தில் இழையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. பிற்பாடு லேசர் ஒளியால் அதைப் பிடித்து நகர்த்தி, இழையை வேண்டிய பக்கம் திருப்பியே காட்டினார்கள்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகு தெரிந்தது, அது ஒரு தனி உறுப்பு இல்லை, நுண்பைகள் கூடி நிற்கும் கூட்டம். நியூரோஸ்போராவில் நடுவில் சின்னப் பைகள், அவற்றில் கைட்டின் செய்யும் நொதி. சுற்றிலும் பெரிய பைகள், குளுக்கான் செய்யும் நொதி அந்த வெளிவட்டத்தில். இரண்டு சரக்கையும் கலக்காமல் அடுக்கி வைத்திருக்கிறது.

இழை ஏன் குழாயாக இருக்கிறது, ஏன் உருண்டையாக இல்லை என்று 1989-ல் பார்ட்னிக்கி-கார்சியா குழு கணினியில் போட்டுப் பார்த்தார்கள். தோட்டத்தில் தண்ணீர் தெளிப்பானை ஒரே இடத்தில் வைத்தால் வட்டமாக நனையும், தூக்கிக்கொண்டு ஒரே வேகத்தில் நடந்தால் நீளமாக நனையும், இல்லையா? அதே கணக்கு. எல்லாப் பக்கமும் பைகளை அனுப்பும் ஒரு புள்ளி நின்றால் ஈஸ்ட் மாதிரி உருண்டை, நேராக நகர்ந்தால் இழை. அந்தக் கணக்கில் வந்த கோடும் நிஜமான நுனியின் வளைவும் ஒன்றாகப் பொருந்தின.

---

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11:50

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். வெடிக்கும் நுனி என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், சார். நாங்கள் கேஸ்போஃபங்கின் மருந்து ஏற்றுவோம். குளுக்கான் செய்யும் நொதியைத் தடுக்கும் மருந்து என்று படித்திருக்கிறேன். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில் அது பட்டால் வளரும் நுனிகள் வெடிக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். ஏன் நுனி மட்டும் என்று இன்றுதான் புரிந்தது. புதுச் சுவர் அங்கே மட்டும்தானே கட்டுகிறார்கள். நம் உடம்பு செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது என்பதால் நமக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

2021-ல் கருப்புப் பூஞ்சை நோயாளிகள் வரிசையாக வந்தபோது, இந்த மருந்து போதாது, ஆம்போடெரிசின்தான் வேண்டும் என்று குடும்பத்தினர் ஊரெல்லாம் அலைந்தார்கள். அந்தப் பூஞ்சை வேறு குடும்பம். குளுக்கானைத் தடுத்தால் அதற்குப் பெரிதாக வலிக்காது. ஆம்போடெரிசின் சுவரை விட்டுவிட்டுச் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடிக்கும். ஒரு குப்பிக்காக வாசலில் நின்ற முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

---

ஈரச்சுவர் | திங்கள், காலை 9:05

மழைக்காலத்தில் எங்கள் பிளாட் சுவரில் கருப்பாகப் படர்கிறது. துடைத்தால் போகிறது, இரண்டு வாரத்தில் அதே இடத்தில் வருகிறது. நுனியை அழித்தால் போதாதா?

பழைய லேப் ஆள் | திங்கள், காலை 9:40

போதாது. துடைக்கும்போது மேலே இருப்பது போகும். பூச்சுக்குள் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு துண்டும் பக்கத்தில் புது நுனி விட்டுக் கிளம்பிவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், குழாய்க் கசிவாகக்கூட இருக்கலாம். சுவர் காய்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

---

மாடிக்காளான் | புதன், இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. சாரின் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். 1892 என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

கொக்கி தெரிகிறது சார்! 40எக்ஸ் போட்டு, கண்ணாடிச் சில்லு மூடிப் பார்த்தோம். இழையின் ஓரத்தில் சின்னக் காது மாதிரி புடைப்பு, பக்கத்திலேயே குறுக்கே ஒரு மெல்லிய கோடு. எல்லா இழையிலும் விட்டுவிட்டு இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. சில்லு காய்ந்துவிடப் போகிறதே என்று சொட்டு மருந்துக் குழாயால் ஒரு துளி வெந்நீர் ஆறவைத்ததை ஓரமாக விட்டேன். அது இழைகளின் மேலேயே ஓடிவிட்டது. மகளுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஆனால் படம் எடுப்பதை அவள் நிறுத்தவில்லை. தண்ணீர் பட்ட இழைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. அடுத்த படத்திலும் அதே இடம், அதற்கு அடுத்ததிலும் அதே இடம். ஒன்றிரண்டு நுனி கொஞ்சம் உப்பியது மாதிரி தெரிந்தது. அரைமணி கழித்து எடுத்த படத்தில், நின்றுபோன நுனிக்குச் சற்றுப் பின்னால் இருந்து இரண்டு புது முளைகள் பக்கவாட்டில் கிளம்பியிருந்தன. பழைய நுனி பெரும்பாலும் திரும்ப நகரவே இல்லை. தண்ணீர் படாத பக்கத்தில் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

நான் இழையைக் கொன்றுவிட்டேனா?

---

பழைய லேப் ஆள் | வியாழன், காலை 6:00

கொல்லவில்லை. தெரியாமல் இன்னொரு பழைய சோதனையைச் செய்துவிட்டீர்கள். 1958-ல் ராபர்ட்சன் என்பவர் ஃபியூசேரியம் பூஞ்சையின் மேல் தண்ணீர் விட்டு இதையேதான் பார்த்தார். நுனி நிற்கிறது, அப்புறம் அதன் பக்கத்தில் இருந்து கிளைகள் வருகின்றன.

நான் முந்தின பதிலில் சொன்ன இரண்டு விஷயங்களையும் உங்கள் படம் சேர்த்துக் காட்டுகிறது. திடீரென்று தண்ணீர் பட்டதும் உள்ளே வெளியே அழுத்தக் கணக்கு மாறுகிறது, நுனியில் இருந்த நுண்பைக் கூட்டம் கலைகிறது. ஓடிக்கொண்டிருந்தபோது இளசாக இருந்த முனை, நின்றதும் இறுகிவிடுகிறது. பின்னால் இருந்து சரக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, அதற்குப் போக இடம் வேண்டும். இறுகிய முனையைத் திறப்பதைவிடப் பக்கத்தில் புது முனை திறப்பது அதற்குச் சுலபம். உப்பியதாகத் தெரிந்ததும் அந்த இடைநேரத்தில்தான்: கூட்டம் கலைந்ததும் பைகள் ஒரு பக்கமாகப் போகாமல் சுற்றிலும் ஒட்டுகின்றன.

இதில் உங்கள் காளான் பைக்கும் சேதி இருக்கிறது. வித்து பரவிக்கொண்டிருக்கும் பையை அடிக்கடி தூக்கிப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது வேண்டாம். வைக்கோல் நகர்ந்தால் ஆயிரக்கணக்கான நுனிகள் அறுந்து, எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆனால் வித்துப் பாட்டிலில் தானியத்தைக் குலுக்கிவிடுவார்கள், தெரியுமல்லவா? பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையானதும் குலுக்கினால், ஒவ்வொரு மணியிலும் அறுந்த துண்டுகள் ஒட்டிக்கொண்டு அத்தனை இடத்திலும் புது நுனி கிளம்பும். ஒரு நாள் நிற்கும், அப்புறம் குலுக்காத பாட்டிலை முந்திவிடும். எப்போது அறுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்பதுதான் வித்து செய்பவரின் கைப்பக்குவம்.

அறுந்த இழை ஏன் ஒழுகிச் சாவதில்லை என்று கேட்பீர்கள். குறுக்கே தெரிந்த அந்தக் கோடு ஒரு தடுப்பு, நடுவில் சின்ன ஓட்டை. அறுந்தால் ஓட்டை அடைபட்டுவிடும், மீதி பிழைத்துக்கொள்ளும்.

---

மாடிக்காளான் | வியாழன், மாலை 6:45

(மகள் எழுதுகிறேன்.)

தாத்தா, நன்றி. எனக்கு ஒரு கேள்வி. குறுக்கே கோடு தெரிகிறது என்றால் அது செல் பிரிந்த இடம்தானே? அப்படியென்றால் செல் பிரிகிறது என்று மிஸ் சொன்னதும் சரிதானே? நான் அளந்ததும் சரி, அவர் சொன்னதும் சரி என்றால் எங்கே இடிக்கிறது? கண்டுபிடிக்கவில்லை என்றால் நாளைக்கு அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

---

பழைய லேப் ஆள் | வியாழன், இரவு 7:30

கண்ணு, இத்தனை பேர் எழுதியதில் இதுதான் நல்ல கேள்வி.

செல் பிரிகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிரிவது வேறு, நீள்வது வேறு. வீட்டில் ஒரு பெரிய அறைக்கு நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாக்கினால் வீடு நீளமாகிவிடுமா? ஆகாது. இழை முதலில் நுனியில் நீள்கிறது. போதுமான நீளம் வந்ததும் உள்ளே உட்கருக்கள் பிரிகின்றன, குறுக்கே தடுப்பு விழுகிறது. ஆசிரியர் தடுப்பைச் சொன்னார், நீ நீளத்தை அளந்தாய். அவரிடம் இப்படியே சொல். அவர் சொன்னதில் பாதி உன் படத்திலேயே இருக்கிறது என்று கோட்டைக் காட்டு.

அந்தக் கொக்கி எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். சிப்பிக்காளான் இழையில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு வகை உட்கரு, அம்மா வழி அப்பா வழி மாதிரி. நுனிச் செல் பிரியும்போது இரண்டு வகையும் இரண்டு பக்கமும் போய்ச் சேர வேண்டும். அதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பு முளைத்து, பின்பக்கமாக வளைந்து, பின்செல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு உட்கரு அந்தச் சுற்றுவழியாகப் பின்னால் போகும். எல்லா இழையிலும் கொக்கி இருந்தால் உன் சில்லில் இருப்பது பெரும்பாலும் உன் காளான்தான், வழியில் வந்த வேறு பூசணம் இல்லை. அதனால்தான் முதலிலேயே கேட்டேன்.

முடிந்தால் ஒன்று பார். நுனியில் இருந்து முதல் கொக்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அது எப்போது வருகிறது என்று குறி. கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் வாஸலின் தடவிவிட்டால் காயாது, உன் அப்பா தண்ணீர் விடவும் வேண்டியிருக்காது.

---

மாடிக்காளான் | சனி, இரவு 11:55

மிஸ்ஸிடம் வெள்ளிக்கிழமை படங்களைக் காட்டினாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மொபைலை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இன்று சாயங்காலம் வாஸலின் தடவி வைத்தோம். கீழே இருப்பது அவள் நோட்டில் இருந்து, அப்படியே:

7:10 நுனி நேராக ஓடுகிறது. கொக்கி இல்லை.
8:40 நுனிக்குப் பின்னால், இடதுபக்கம், கொஞ்சம் புடைப்பு. கிளையா கொக்கியா தெரியவில்லை.
8:50 புடைப்பு பின்பக்கம் வளைகிறது. கொக்கிதான்.
9:00 வளைந்த முனை இழையைத் தொட்டுவிட்டது.
9:20 குறுக்கே கோடு. ஒன்று இழையில், ஒன்று கொக்கியில்.
9:30 நுனி இவ்வளவு நேரமும் நிற்கவில்லை. கொக்கி அதே இடத்தில். நுனிக்கும் கொக்கிக்கும் தூரம் கூடுகிறது.

அடுத்த கொக்கிக்காக இப்போதும் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் காபியோடு நானும்.